கலங்கலில் மொண்ட தண்ணீர்

எங்கள் ஏரியைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பேசினார்கள். ஊரே பெருமைப்பட்டது. எனக்கு அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் எனக்குச் சாம்பார் வேண்டும் என்றால்கூடப் பக்கத்து இலைக்காரி எப்போது கேட்பாள் என்று காத்திருந்து வாங்கிக்கொள்வேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் வயிறு எரிகிறது என்று அர்த்தம்.

எங்கள் வீடு முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி, ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம். இப்போது நிலமெல்லாம் மனையாகிவிட்டது. என் மகன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போகிறான். பக்கத்து வீட்டில் என் கொழுந்தனாரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். என் ஓரகத்திக்கு வாய் அதிகம். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. நான் கல்யாணமாகி வந்ததில் இருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் எங்கள் வீட்டில் சோறு வெந்தது. சுற்றிலும் போர் போட்ட வீடுகளில் உப்புத் தண்ணீர் வந்தபோதும் எங்கள் கிணறு இனித்தது. குடத்தோடு வந்து நின்ற யாரையும் நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை.

ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழியும். அதைக் கோடி போவது என்போம். கோடி போகிற அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் முறத்தில் மஞ்சள், குங்குமம், கருகமணி, பூ வைத்து எடுத்துப் போய்த் தண்ணீரில் விடுவோம். வீட்டின் மூத்த மருமகள் பித்தளைச் சொம்பில் கலங்கல் தண்ணீரை மொண்டு முதலில் தான் ஒரு வாய் குடிக்க வேண்டும். பிறகு வந்தவர்கள் கையில் ஊற்ற வேண்டும். அவள் தாலியோடு இருக்கிறாளா இல்லையா என்பது கணக்கில்லை, மூத்தவள் என்பதுதான் கணக்கு. அதனால் என் வீட்டுக்காரர் போன பிறகும் அந்தச் சொம்பு என் கையைவிட்டுப் போகவில்லை. ஊரில் எனக்கென்று இருந்த ஒரே பெரிய இடம் அதுதான்.

போன சித்திரையில், மண் வெடிக்கிற வெயிலில், ஏரி கோடி போனது.

மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேலே எங்கேயோ கிருஷ்ணா தண்ணீரைத் திறந்து விட்டிருப்பார்கள், அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தோம். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. புது வெள்ளம் என்றால் நுரைக்கத்தானே செய்யும்? நாற்றம் கொஞ்சம் இருந்தது. கரையில் குப்பை கொட்டிக் கொட்டி எங்கள் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. நான் சொம்பில் மொண்டு குடித்தேன். ஓரகத்தி குடித்தாள். இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கையேந்தி வாங்கிக் குடித்தார்கள். என் மருமகள் இதையெல்லாம் போனில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினாள். அது எங்கெங்கோ சுற்றியது.

அன்று சாயங்காலமே வாந்தி. மறுநாள் உடம்பெல்லாம் அரிப்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் நாங்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றோம். "இன்னா, ஒரே பந்தியில சாப்டீங்களா எல்லாரும்?" என்று நர்ஸ் கேட்டது. அந்த வாரமே எங்கள் கிணறு நாறத் தொடங்கியது.

ஓரகத்திதான் என்னை இழுத்துக்கொண்டு ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் வழியாக நடந்தாள். மேலே புதிதாக அடுக்குமாடி வீடுகள் வந்திருக்கின்றன. அந்தப் பக்கத்தில் இருந்து ஆள் உள்ளே புகுகிற அளவுக்கு ஒரு பைப், கால்வாயில் கருப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு கழிவுநீர் லாரி கால்வாய்ப் பக்கம் வாலைத் திருப்பி நின்றது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ அக்கா! அவங்க கக்கூசுத் தண்ணிக்கா நாம கருகமணி வுட்டோம்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டையும் அடக்கிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பைப்பைப் பிடுங்க வேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். பிடுங்கினால் ஏரி தெளியும், ஏரி தெளிந்தால் கிணறு தெளியும். இரண்டு பேரும் தாலுக்கா ஆபீசுக்குப் போனோம். ஓரகத்தி பேசினாள், நான் அவள் முந்தானைக்குப் பின்னால் நின்றேன். அங்கே இருந்தவர் எழுந்து நின்று வரவேற்றார். "நீங்க வீடியோல வந்த அம்மா தான?" என்று என்னைக் கேட்டார். பிறகு சொன்னார்: "கவலையே படாதீங்கம்மா. உங்க ஏரி விசயம் பெரிய லெவலுக்குப் போயிடுச்சு. பார்லிமென்ட்லயே பேசப் போறாங்க. டிவில பாருங்க."

நாங்கள் நம்பினோம். பைப்பைப் பற்றி டில்லியில் பேசப் போகிறார்கள் என்று நம்பினோம்.

அன்றைக்கு ஓரகத்தி வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தோம். என் மருமகளும் வந்தாள். ஒரு உறுப்பினர் எழுந்தார். தமிழில்தான் பேசினார், அதனால் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. சென்னைக்கு மேற்கே கோடையிலும் ததும்பி வழிகிற ஒரு ஏரி இருக்கிறது என்றார். அங்கே தாய்மார்கள் தண்ணீரை வணங்கி, அதையே தீர்த்தமாகக் குடிக்கிறார்கள் என்றார். வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகின்றன, படகு விட வேண்டும், பறவை பார்க்கக் கோபுரம் கட்ட வேண்டும், இயற்கைச் சுற்றுலா வளர வேண்டும் என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். டிவிக்காரர்கள் நடுநடுவே எங்கள் வீடியோவைக் காட்டினார்கள். பச்சைப் புடவையில் நான் குனிந்து குனிந்து மொண்டேன்.

"ஐ, அத்த! நீங்க டில்லிக்கே போயிட்டீங்க!" என்று மருமகள் கை தட்டினாள்.

"சும்மா கெட," என்றாள் ஓரகத்தி. "பைப்பப் பத்தி இப்பதான் சொல்லுவாரு, இரு."

சொல்லவில்லை. வேறொரு உறுப்பினர் எழுந்து, நீர்நிலைகளில் கலக்கும் கழிவைப் பற்றி ஏதோ கேட்க ஆரம்பித்தார். எனக்கு உயிர் வந்தது. நேரம் முடிந்துவிட்டது, உட்காருங்கள் என்றார்கள். அவரும் உட்கார்ந்துவிட்டார். மந்திரி எழுந்து, இந்த ஏரியைச் சுற்றுலாவுக்குப் பரிசீலிப்போம் என்று பதில் சொன்னார். மறுபடியும் மேசையைத் தட்டினார்கள். அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்கள்.

வெளிநாட்டுப் பறவையாம். அந்தப் பறவைகள் எங்கே நிற்கின்றன என்று அவர் பார்த்தாரா? பைப் வாயில்தான் நிற்கும். புழு அங்கேதான் கிடைக்கும். கோபுரம் கட்டி, பைனாகுலர் வைத்துப் பார்த்தால் பறவையும் தெரியும், அது கொத்துவது என்ன என்றும் தெரியும். வாந்தி எடுத்தவள் நான். அரிப்பில் தோல் உரிந்தவள் நான். நான் குடித்த அந்த ஒரு வாயையே சாட்சியாக வைத்து, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சபையில் சொல்லிவிட்டார்கள். பொய்கூட இல்லை. ஏரி வழிந்தது நிஜம், நான் குடித்தது நிஜம். நிஜத்தை வைத்தே இப்படிப் பேச முடியும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

கொஞ்ச நாளில் படகுத் துறைக்கு அடிக்கல் நாட்டுகிற விழா வந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். விழா ஏற்பாடு அவன் பொறுப்பாம்.

"ஆயா, வீடியோல கட்டிகினு இருந்தீங்களே பச்சப் பொடவ, அதையே கட்டிகினு வாங்க. அதே சொம்பு. சார் கைல தீர்த்தம் ஊத்தணும். அவருதான் டில்லில உங்களப் பத்திப் பேசனாரு."

"அந்தப் பைப்பு?" என்றாள் ஓரகத்தி.

"எந்தப் பைப்பு?"

"உன் தலையில வுடற பைப்பு! மேல சாக்கடைய வுடறானுங்களே, அது."

"அதெல்லாம் வேற டிபார்ட்மென்ட்டுக்கா," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான்.

நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஓரகத்தி விடவில்லை. "நீ சும்மா சொம்ப வெச்சிகினு பக்கத்துல நில்லுக்கா. அந்தாளு மூஞ்சப் பாத்து நான் கேட்டுக்கறேன்," என்றாள். சரி என்று கிளம்பினேன்.

ஏரிக்கரையில் பந்தல், மேளம், நாற்காலி. கலங்கலை மறைத்து ஆளுயரத்துக்கு மேலே ஒரு பேனர். பேனரில் நான்தான். பச்சைப் புடவையில் குனிந்து சிரிக்கிறேன். நான் எப்போது சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பேனருக்குப் பின்னால் நுரை வழிகிற சத்தம் கேட்டது. பந்தலைச் சுற்றி ஏதோ வாசனை மருந்து அடித்திருந்தார்கள். சாவு வீட்டில் ஊதுபத்தி கொளுத்தின மாதிரி இருந்தது.

கயிறு கட்டிய இடத்தில் ஓரகத்தியை நிறுத்திவிட்டார்கள்.

"பெரியம்மா மட்டும் வரலாம். மத்தவங்க பின்னாடி உக்காருங்க."

"இன்னாயா, அவங்களுக்குப் பேச வராதுயா! நான் வந்தாத்தான்..."

"அவங்க எதுக்குப் பேசணும்? ஊத்தனா போதும்."

நான் மட்டும் உள்ளே போனேன். என் கையில் இருந்த காலிச் சொம்பை அட்டைக்காரன் வாங்கிக்கொண்டு போய், நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். பளபளவென்று தெளிந்த தண்ணீர். மேலே ஒரு ரோஜா இதழ் மிதந்தது.

"இது எங்க மொண்டது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கேன் தண்ணி ஆயா. சுத்தமானது. சாருக்கு ஒத்துக்காம பூடப் போவுது."

அந்த இடத்தில்தான் எனக்குள்ளே என்னவோ ஆனது. அதுவரைக்கும், அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தால் செய்வார்கள் என்று மனசில் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது. கேன் வாங்கி வைக்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது.

சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீரைத் தரையில் கொட்டினேன். "ஆயா, ஆயா, இன்னா பண்ற?" என்று அவன் பின்னாலேயே வந்தான். நான் பேனருக்குப் பின்னால் போனேன். வழுக்கியது. ஒரு கையால் பேனர் கம்பைப் பிடித்துக்கொண்டு, நுரையை விலக்கி ஒரு சொம்பு மொண்டேன். திரும்பி வந்தபோது உறுப்பினர் மேடையில் மைக் முன்னால் நின்றார். கேமராக்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. அதனால் அட்டைக்காரனால் என்னைத் தொட முடியவில்லை.

"வாங்கம்மா, வாங்கம்மா," என்று அவர் சிரித்துக்கொண்டே கையைக் குவித்து நீட்டினார். நான் ஊற்றினேன்.

கருப்பாக விழுந்தது. நாற்றம் அவர் மூக்குக்குப் போன நேரம் எனக்குத் தெரிந்தது. கையைச் சடக்கென்று உதறினார். என் புடவையில் தெறித்தது. பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையை நீட்டினார், இன்னொருவர் பாட்டில் தண்ணீரைத் திறந்து அவர் கையில் ஊற்றினார்.

"அலர்ஜிம்மா எனக்கு," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

ஓரகத்தி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நானே பேசினேன்.

"நாங்க குடிச்சோம் நைனா. நீங்க டில்லியில சொன்னீங்களே, அந்தத் தண்ணிதான் இது. நாங்க குடிச்சோம். பைப்ப எடுக்கச் சொல்லுங்க."

மைக் பக்கத்தில் இருந்ததால் அது பந்தல் முழுக்கக் கேட்டது. கயிற்றுக்குப் பின்னால் இருந்து ஓரகத்தி, "அப்டிக் கேளுக்கா!" என்று கத்தினாள். மேளக்காரர்களை வாசிக்கச் சொன்னார்கள். "பாக்கறேன்மா, கண்டிப்பா பாக்கறேன்," என்றார் அவர். யாரோ என் தோளைப் பிடித்து மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அடிக்கல் நாட்டினார்கள்.

அன்று ராத்திரி டிவியில் விழாவைக் காட்டினார்கள். நான் நடந்து வருவது இருந்தது, அவர் கை நீட்டுவது இருந்தது. அதற்கு மேலே இல்லை.

இப்போது படகுத் துறைக்குத் தூண் நிற்கிறது. பைப்பும் இருக்கிறது. கிணற்றுக்கு மேலே தகரம் போட்டு மூடிவிட்டோம். குடத்தோடு வருகிறவர்களிடம் ஓரகத்தி, "டில்லிக்குப் போய்க் கேளுங்க," என்கிறாள். நாங்களும் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம்.

அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது, நாற்றம் போகவில்லை. மருமகள் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்கிறாள். போட மாட்டேன். அடுத்தது படகுத் துறைத் திறப்பு விழா வரும். என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கூப்பிடாவிட்டாலும் மூத்த மருமகள் நான்தான். பச்சைப் புடவையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.