சுவருக்கு அந்தப்பக்கத்துத் தாளம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. மண்ணூர்பேட்டையில் ஆறு வீடுகள் ஒட்டி நின்ற ஒரு லைன் வீட்டில், நான்காவதில் நானும் ஒரு தோழியும் குடியிருந்தோம். இருவருக்கும் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை. என் முகத்தில் முதல் அம்மைக் கொப்புளத்தைப் பார்த்த அன்றே அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுவதாகச் சொன்னாள். போடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கோடி வீட்டு வாசலில் ஏற்கெனவே வேப்பிலை செருகியிருந்தது. நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்றாலும் வீட்டுக்காரம்மா என் வாசலிலும் ஒரு கொத்தைச் செருகினார். இரண்டு நாள் கழித்து மூன்றாம் வீட்டிலும் செருகினார்கள். அதன்பிறகு யாரும் எங்கள் படியேறவில்லை. கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்கள். அம்மை வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாதாம். நான்கு நாள் மனிதக் குரலே இல்லை. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

ஐந்தாம் நாள் மாலை, கம்பெனிச் சங்கு ஊதியதும் வாய்க்கு வந்த ஒரு கீர்த்தனையைப் பாடினேன். சர்ச் பாடகர் குழுவில் நான் இரண்டாம் குரல். மெட்டை மற்றவர்கள் பாடுவார்கள், நான் அதற்கு அடியிலேயே போவேன். தனியாகப் பாடினால் அது என்ன பாட்டு என்று அதை எழுதியவருக்கே தெரியாது.

"இன்னாமே இது, பாட்டு ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் போற?" என்று சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு குரல்.

மூன்றாம் வீட்டு அக்கா. கணவர் லாரியோடு வடக்கே போயிருந்ததால் அவளும் தனியாகத்தான் கிடந்தாள். "நிறுத்தாத, பாடு," என்று சொல்லிவிட்டு அலுமினியக் குண்டானில் தாளம் போட ஆரம்பித்தாள்.

மறுநாள் கோடி வீட்டுக்காரர் உள்ளிருந்தபடியே மெட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்கடுத்த நாள் அம்மை இல்லாதவர்களும் அவரவர் வாசலில் உட்கார்ந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு நாள் கீர்த்தனை, ஒரு நாள் அம்மன் பாட்டு. சங்கு ஊதாதா என்று பகல் முழுவதும் காத்துக்கிடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல இன்று கூச்சமாக இருக்கிறது.

அக்கா தினமும் ஒன்றைத்தான் சொல்வாள்: "சத்தமா பாடுமே."

தாளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. தாளத்தை முந்தக் கூடாது என்று குழுவில் என்னைத் திட்டித் திட்டிப் பழக்கியிருந்தார்கள். அக்கா மெதுவாகத் தட்டினாள், நான் மெதுவாகப் பாடினேன், என்னைக் கேட்டு லைனே மெதுவாகப் பாடியது. பாட்டில் பக்தி கூடியிருக்கிறது என்று கோடி வீட்டுக்காரர் பாராட்டக்கூடச் செய்தார்.

ஒன்பதாம் நாள் மாலை, பால்காரர் வேப்பிலைக்குப் பயந்து தெருவிலேயே சைக்கிளை நிறுத்திக் கேட்டார்: "இன்னா, சாவு ஊடா இது? இப்டி இழுத்துகினு கீறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் கை ஏன் இவ்வளவு தளர்ந்தது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பாட்டு நின்றது. தாளமும் இல்லை. சுவரில் காதை வைத்தேன். அந்தப்பக்கம் சோறு கொதிப்பது போல ஒரு மூச்சு, இழுத்து இழுத்து.

அம்மை வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. டாக்டர், ஊசி என்று பேச்சே எடுக்கக் கூடாது. நான் நுழைந்தேன். அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. குண்டானின் மேல் கை அப்படியே கிடந்தது. "வாணாம், ஆத்தா கோச்சுக்குவா," என்று வீட்டுக்காரம்மா வழியை மறித்தார். "கோவிச்சா என்னைக் கோவிச்சுக்கட்டும்!" என்று கத்தினேன். பால்காரர்தான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார்.

நெஞ்சு முழுக்கச் சளி கட்டியிருந்ததாம். விடிகிற வரை தாங்கியிருக்காது என்றார் டாக்டர். இரண்டு வாரம் கழித்து அக்கா பாதி உடம்பாகத் திரும்பி வந்தாள். வாசலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வளவு சளி இருந்தும் இருமல் வரவில்லையா என்று கேட்டேன்.

"வராம இன்னா? வெளிய கேட்டா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு பூடுவீங்கோன்னு பயம். அதான் உன்ன சத்தமா பாட சொன்னேன்."

சங்கு ஊதியது. பாடு என்று என் முழங்காலில் தட்டினாள். குரலை அடக்கித்தான் பாடினேன். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்க வேண்டும்.