நாலாவது தோட்டா

இது உண்மையில் நடந்தது. அதுவும் பட்டப்பகலில். நம்பாதவர்கள் பாலையூற்றுச் சந்தியில் வாடகைக்கு வெள்ளை வான் ஓட்டும் மேர்வினிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் துவக்குக் கதை எடுத்தால் அவர் வானை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அதற்கு முதல்நாள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போய், விடியத்தான் வீடு திரும்பியிருந்தார். கண் எரிந்தது, பிடரி கனத்தது. ஆனாலும் குச்சவெளி மாகிரட் அக்காவுக்குச் சொன்ன சொல்லைத் தட்ட மனம் வரவில்லை.

அக்காவின் கணவர் இராஜநாயகம் முந்திய மாதம் வயலில் யானை அடித்து இறந்தார். பயிர்க்காவலுக்கு அவர் வைத்திருந்த துவக்கின் அனுமதி அவரோடு முடிந்தது. இனி அதை நகரத்துப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். அதைக் கொண்டுபோக அக்காவின் பெயருக்குக் கடிதம் கிடைத்திருந்தது: ஒரு துவக்கு, மூன்று தோட்டா.

"கெதியாக் கொண்டுபோவம் தம்பி. ராவில அது சத்தம் போடுது."

"இரும்புதானே அக்கா. பனிக்குச் சுருங்கும்."

துவக்கை வண்டியில் கொண்டுபோக ஒரு முறை உண்டு. அதை மேர்வினுக்குக் காட்டிக் கொடுத்தவரே இராஜநாயகம்தான். வருடாவருடம் அனுமதி புதுப்பிக்க அவரை ஏற்றிப் போனது இதே வான். துவக்கை நடுவில் மடித்தால் குழல் கீழே தொங்கும், பின்வாய் திறந்துகொள்ளும். அப்போது அது வெறும் குழாய், வெடிக்காது. குழலுக்குள் ஒரு சிவப்புத் துணியை நுழைத்து இரண்டு பக்கமும் நீட்டி விட்டால் தவறியும் மூடாது. துவக்கு பின்னுக்கு, தோட்டா பூட்டிய பிஸ்கற் தகரப் பேணியில் முன்னுக்கு.

"கோவிச்ச புருசன் பெண்சாதி மாதிரி. ஒண்டு அங்க, ஒண்டு இங்க" என்று இராஜநாயகம் சிரிப்பார். வயலுக்கும் அப்படித்தான் போவார். துவக்கு தோளில் திறந்தபடி, தோட்டா மடியில்.

கடிதத்தில் எழுதியதற்கு மேல் ஒரு தோட்டா இருந்தாலும் மறியலில் கம்பி எண்ண வேண்டியதுதான். வானும் போய்விடும். வானை விட்டால் மேர்வினுக்கு வேறு பிழைப்பு இல்லை. அதனால் அவரே துவக்கை மடித்தார், துணியை நுழைத்தார், பேணியைப் பூட்டினார். பூட்டை இரண்டு தரம் இழுத்தும் பார்த்தார்.

பிற்பகல் இரண்டரைக்குப் புறப்பட்டார்கள். வெயிலில் தார் றோட்டு அலை அலையாகத் தெரிந்தது. அழுது களைத்திருந்த அக்கா முன் இருக்கையிலேயே தூங்கிப்போனார்.

இறக்கக்கண்டிப் பாலம் தாண்டியதும் பின்னால் ஒரு சத்தம்.

டக்.

மேர்வினுக்கு அந்தச் சத்தம் தெரியும். மடித்த துவக்கு மூடுகிற சத்தம்.

வானை ஓரங்கட்டிப் பின்கதவைத் திறந்தார். துவக்கு மூடியிருந்தது. சிவப்புத் துணி இருக்கையில் இருந்தது... நாலாக மடித்தபடி.

நித்திரைக் கலக்கத்தில் சரியாக நுழைக்கவில்லையோ? தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடி மடித்தார். துணியை நுழைத்து முடிச்சும் போட்டார்.

நிலாவெளி கடந்தது. காற்றே இல்லை. வானுக்குள் ஈரச் சேற்று மணம். மழை பெய்து ஒரு மாதமாகிறது...

டக்.

சோதனைச் சாவடி தூரத்தில் தெரிந்தது. மேர்வின் நிறுத்தினார். பின்கதவைத் திறந்தார்.

துவக்கு மூடியிருந்தது. மெல்ல மடித்தார்.

உள்ளே ஒரு தோட்டா.

அதில் வயல் சேறு. சேற்றில் ஒரு சின்ன நீல மணி ஒட்டியிருந்தது. மணியை என்ன நினைத்தாரோ, சேட்டுப் பைக்குள் போட்டார். ஓடிப்போய்ப் பேணியைத் திறந்தார்.

மூன்றும் இருந்தன.

இது நாலாவது.

எறிந்துவிடலாம். றோட்டில் ஆளில்லை. ஆனால் யாராவது பிள்ளைகள் எடுத்தால்? நாலாவதையும் பேணிக்குள் போட்டுப் பூட்டினார். வருவது வரட்டும்.

சாவடியில் சார்ஜன் கலீலுர் றஹ்மான் கடிதத்தை வாங்கினார். மேர்வின் முந்திக்கொண்டார்.

"சேர், கடிதத்தில மூண்டு. ஆனா நாலு இருக்கு. எப்பிடி வந்ததெண்டு எனக்குத் தெரியாது."

அக்கா திடுக்கிட்டு விழித்தார். சார்ஜன் பேணியைத் திறந்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"மூணுதானே இருக்கு? போய் நல்லா நித்திர கொள்ளுங்க. இன்னும் கொஞ்சத்தில துவக்கும் ரெண்டாத் தெரியும்."

மேர்வின் எட்டிப் பார்த்தார்.

மூன்று.

பொலிஸில் எல்லாம் சரியாக முடிந்தது. திரும்பும்போது பின்னிருக்கை வெறுமை. நிலாவெளி தாண்டியதும் அக்கா கேட்டார்.

"ஏன் தம்பி நாலெண்டு சொன்னனீங்கள்?"

"துவக்குக்குள்ள ஒண்டு கிடந்தது அக்கா. சத்தியமா."

அக்கா கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவர் கிடந்த இடத்தில துவக்கு திறந்தபடிதான் கிடந்தது. யானை வந்த வேகத்தில போட்டு மூட நேரமில்ல. தோட்டா கைக்குள்ள. விரலப் பிரிக்க ஏலாமப் போச்சு. ஒருத்தருக்கும் சொல்லேல்ல... அந்தக் கைக்கு மேலால என்ர செபமாலையச் சுத்தி, அப்பிடியே புதைச்சம்."

"என்ன செபமாலை அக்கா?"

"நீல மணி."

மேர்வின் சேட்டுப் பையைத் தொட்டார்.

மணி இருந்தது.

ஈரமாக.