புவனகிரியிலிருந்து பனிமலைக்குப் போன வண்டி

நோர்பு கடலூர் முதுநகர் ஜங்ஷனில் வந்து இறங்கிய காலையில் மழை சற்று விட்டிருந்தது. 2010ஆம் வருஷம், நவம்பர் கடைசி. அகலப் பாதை போட்டு அந்த வருஷம்தான் எங்கள் ஊர் வழியாக மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. இமாசலப் பிரதேசத்தின் வடகோடியிலிருந்து பஸ்ஸும் ரயிலுமாக மாறி மாறி வந்தவர், கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இதுதான் உங்கள் ஊர்க் குளிர்காலமா என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நானும் அவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். மலையாறுகளில் மின்சாரத் திட்டம் போடுவதற்கு முன்னால் தண்ணீரையும் பனியையும் அளந்து கொடுக்கிற கம்பெனி. எங்கள் அளவைக் கொட்டகைகளில் ஒன்று, சாலை முடிகிற இடத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் மேலே இருந்தது. கோடையில் கோவேறு கழுதை போகும். பனி விழுந்துவிட்டால் நடந்துதான் போக வேண்டும். அந்த வருஷம் ஜனவரியில் மேலே இருந்த சமையற்காரருக்கு வயிற்றுவலி வந்தது. அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆட்கள் காலையில் புறப்பட்டு, பொழுது சாய்கிற நேரத்துக்குச் சாலைக்கு வந்தார்கள். வருவதற்குள் அவர் இறந்துபோயிருந்தார். கட்டிலின் ஒரு காலைப் பிடித்து வந்தவர் நோர்பு.

அதன் பிறகுதான் பனியில் போகிற வண்டி ஒன்று வாங்க மேலிடம் ஒப்புக்கொண்டது. சக்கரம் பனியில் புதையும். சக்கரத்துக்குப் பதில் டாங்கிபோலப் பட்டை ஓடுகிற வண்டி வேண்டும். விற்பனைக்கு இருந்தவையோ யானை யானையாக இருந்தன. எங்களுடையது கழுதைப் பாதை. சின்ன வண்டி எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் என் மனைவியின் தம்பி தனசேகர் போன் செய்தான். அவன் புவனகிரியில் பழைய ஜப்பான் விவசாய மெஷின்களை வரவழைத்து, பழுது பார்த்து விற்பவன், வாடகைக்கும் விடுவான். சகதி வயலில் இறங்குகிற அறுவடை மெஷினை எங்கள் பக்கம் பெல்ட் வண்டி என்பார்கள். அந்தச் சரக்கோடு கலந்து ஒரு வண்டி வந்துவிட்டதாம்.

“பனியில ஓட்றதாம் மாமா. இங்க எவன் வாங்குவான்? நீங்க ஒரு தடவ வந்து பாருங்க” என்றான். நான் அப்போது விடுமுறையில் ஊரில் இருந்தேன். அலுவலகம் நோர்புவை அனுப்பிவைத்தது. இருவரும் பார்த்து முடிவு சொல்ல வேண்டும்.

முதுநகரில் இட்லி சாப்பிட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆலப்பாக்கம் தாண்டியதும் சவுக்குத் தோப்பு, புதுச்சத்திரம் தாண்டியதும் இருபக்கமும் தண்ணீர். எது வயல், எது குளம் என்று நோர்பு கேட்டபோது எனக்கே சொல்லத் தெரியவில்லை. நட்ட பயிரின் நுனி மட்டும் சில இடங்களில் பச்சையாகத் தெரிந்தது. தன் வாழ்நாளில் இத்தனை தட்டையான நிலத்தைப் பார்த்ததில்லை என்றார். ஒளிந்துகொள்ள ஓர் இடம் இல்லை, விழுவதற்கும் ஓர் இடம் இல்லை, இங்கே யாரும் எந்த இடத்துக்கும் நடந்தே போய்விடலாமே என்று சொன்னார். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

பி.முட்லூரில் இறங்கியபோது தனசேகர் காரோடு காத்திருந்தான். மேற்கே ஏழெட்டு கிலோமீட்டரில் புவனகிரி. ஊருக்கு வெளியே, வெள்ளாற்றங்கரைப் பக்கம் அவனுடைய தகரக் கொட்டகை.

வண்டியைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆரஞ்சு நிறம். சுற்றிலும் கண்ணாடி வைத்த கூண்டு. உள்ளே இரண்டு இருக்கை, சூடுகாற்று வரும் துவாரம், பனி துடைக்கிற துடைப்பான். பின்னால் சாமான் வைக்க ஒரு சின்னப் பெட்டி. அகலமும் எங்கள் பாதைக்குச் சரியாக இருந்தது. பனிக்கென்றே பிறந்த வண்டி. அதன் பக்கத்தில் இன்னொன்று நின்றது. அதற்குக் கூண்டும் இல்லை, கூரையும் இல்லை. இரண்டு ரப்பர் பட்டைகளுக்கு மேலே ஒரு தட்டு, முன்னால் ஓட்டுகிறவனுக்கு ஓர் இருக்கை, அவ்வளவுதான். சகதி வயலிலிருந்து கதிர்க்கட்டு ஏற்றி வருகிற வண்டி அது.

பனி இல்லாத ஊரில் பனி வண்டியை எப்படிச் சோதிப்பது? அதற்குத் தோதான இடம் அந்த மழைக்காலத்தில் ஏராளம். நடாமல் விட்டிருந்த ஒரு வயலில் இரண்டையும் இறக்கச் சொன்னோம். நோர்பு பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் குதித்தார். முழங்கால் வரை உள்ளே போனது. வண்டி போன தடத்தை விரலால் அளந்தார். இரண்டு வண்டிக்குமே நாலு விரற்கடைதான். இரண்டும் மிதக்கின்றன, பனியிலும் மிதக்கும் என்றார். பிறகு பட்டைக்கும் உருளைகளுக்கும் நடுவே கையை விட்டு, அங்கே சேறு அடைகிறதா என்று பார்த்தார். அந்த இடத்தில் அடைகிற பனி இரவில் கல்லாகிவிடும். காலையில் வண்டி நகராது.

அதிலும் ஆரஞ்சு வண்டி தேறியது. மைனஸ் இருபதில் திறந்த வண்டியை எவன் ஓட்டுவான் என்று நான் சொன்னேன். அதை நோர்புவும் மறுக்கவில்லை. இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்துக்குப் போன் செய்தும் சொல்லிவிட்டேன். தனசேகர் டீ வரவழைத்தான்.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் கொட்டகைக்குள் வந்தார். இடுப்புவரை சேறு. தனசேகருக்குத் தெரிந்தவர்தான், அன்பு என்று பெயர், கடலூரில் ஒரு கம்பெனியில் வேலை. அவருடைய தங்கைக்கு விடியற்காலையிலிருந்து பிரசவ வலி. 108 ஆம்புலன்ஸ் வந்து மெயின் ரோட்டில் நிற்கிறது. அவர்களுடைய காலனிக்கு ரோடு கிடையாது. வாய்க்கால் கரைதான் வழி. முந்தின நாள் மழையில் கரை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். சேற்றில் முன்னால் போனவர் வழுக்கி, நாற்காலியோடு சாய்ந்து, திருப்பி வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

“பெல்ட் வண்டி எதுனா இருந்தா குடுண்ணா” என்று தனசேகரிடம் கேட்டார். பதற்றமில்லாமல், கடைக்காரரிடம் சாமான் கேட்பதுபோலக் கேட்டார். அந்த நிதானம்தான் முதலில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஒன்றரைக் கிலோமீட்டர் என்றார்.

மறுபடியும் தூறல் ஆரம்பித்திருந்ததால் கூண்டு உள்ள வண்டிதான் நல்லது என்று எல்லோருக்குமே தோன்றியது. தனசேகர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்பு பின்பெட்டியின் விளிம்பைப் பிடித்துத் தொற்றிக்கொண்டார். நோர்பு கொட்டகையிலேயே நின்றுவிட்டார். மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸின் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கடந்து வலது பக்கம் வயலில் இறங்கினோம். வண்டி சேற்றின் மேல் படகுபோலப் போயிற்று. கரை உடைந்த இடங்களைச் சிரமமில்லாமல் தாண்டியது. எங்கள் ஊர் மழையில் பனி வண்டி இப்படிப் போவதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

காலனியில் நாற்பது வீடு இருக்கும். எல்லா வாசலிலும் தண்ணீர். பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளைகள் திண்டாடி நிற்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முட்டளவுத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தார்கள். அன்புவின் தங்கை அமுதா ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். கணவர் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவளை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. புடவையில் ரத்தம்.

வண்டியின் கதவைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். கதவு குறுகலானது, தரையிலிருந்து இடுப்புயரத்தில் படி. கூண்டுக்குள் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே இரும்புத் தடுப்பு. குனிந்து, உடம்பை ஒருக்களித்துத்தான் ஏற முடியும். அமுதா ஒரு காலைப் படியில் வைத்தாள். அதற்கு மேல் தூக்க முடியவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“உக்கார முடியலண்ணா. படுக்கணும்” என்றாள்.

படுக்க இடம் இல்லை. பின்பெட்டி ஒரு சாக்கு மூட்டைக்குப் போதும். காலையிலிருந்து அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து அகலம் பார்த்தேன், ஆழம் பார்த்தேன், சூடுகாற்றைப் பார்த்தேன். ஒரு நோயாளிக்காக வாங்கப்போகிற வண்டியில் நோயாளி எங்கே படுப்பார் என்று பார்க்கவில்லை. நோர்புவும் பார்க்கவில்லை. இருவருமே அந்தச் சமையற்காரரைத் தெரிந்தவர்கள்.

போனை எடுத்து நோர்புவை அழைத்தேன். அந்தத் தட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அமுதாவை ஒரு வீட்டுக்குள் படுக்கவைத்துவிட்டுக் காத்திருந்தோம். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என்னிடம் பேச்சுக் கொடுத்தார். நான் முதுநகர்க்காரன் என்றதும், தன் மகளை அதற்குப் பக்கத்து ஊரில்தான் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். இப்படி அடிக்கடி நடக்குமா என்று கேட்டேன்.

“மழ ஜாஸ்தி ஆனா வருஷா வருஷம் இப்படித்தாம்பா. போன வருஷம் ஒரு புள்ள கரையிலயே பொறந்துச்சி. தங்கல” என்றார்.

நோர்பு வந்தார். கொட்டகையிலிருந்த வேலையாள் ஒருவர் வழிகாட்டிக்கொண்டு கூடவே வந்திருந்தார். தட்டில் வைக்கோலைப் பரப்பி அதன் மேல் தார்ப்பாயை விரித்திருந்தார்கள். அமுதாவைப் பாயோடு தூக்கி அதில் வைத்தோம். தட்டு முழங்கால் உயரம்தான். வைப்பதற்கு எளிதாக இருந்தது. இரண்டு பெண்கள் அவளுக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். இன்னொரு தார்ப்பாயை நானும் அன்புவும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, வண்டியோடு சேற்றில் நடந்தோம். நோர்புவே ஓட்டினார். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அவள் முனகும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்தார். முனகல் நின்றதும் கூட்டினார். ஒரு முறை நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றிய சற்று நேரத்தில், வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது, குழந்தை பிறந்துவிட்டதாகப் பின்னால் காரில் போன எங்களுக்குப் போன் வந்தது. பெண் குழந்தை. அழுகை மெலிசாக இருந்ததாம். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அமுதாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. தனசேகரும் அன்புவும் கொடுத்தார்கள். நோர்புவும் கொடுக்க முன்வந்தார், ஆனால் அவர் ரத்த வகை சேரவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நான்கு பக்கமும் கோபுரம் நிற்கிற ஊர், நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிற ஊர். அங்கிருந்து அந்தக் காலனி அரைமணி நேரம். எங்கள் அலுவலகம் எங்கள் மலைக் கொட்டகையை எட்டாத இடம் என்று வகைப்படுத்தி, அங்கே போகிறவர்களுக்குத் தனிப் படி கொடுக்கிறது என்று நான் நோர்புவிடம் சொல்லிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்திவிட்டேன். காலையில் இந்தத் தட்டையான நிலத்தைப் பற்றித் தான் சொன்னதற்காக அவர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரல்ல. முப்பத்தைந்து வருஷம் அதே சாலையில் பஸ்ஸில் போய்வந்திருக்கிறேன். வயலுக்கு அந்தப் பக்கம் வீடு தெரிந்தால் கிராமம் என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

எந்த வண்டி என்பதில் அதன் பிறகு பேச்சே இல்லை. அலுவலகத்துக்கு மறுபடியும் போன் செய்து, தட்டு வண்டியை எடுப்பதாகச் சொன்னேன். கான்வாஸ் கூண்டை மலைக்குப் போய் அடித்துக்கொள்ளலாம், ஓட்டுகிறவர் இரண்டு கம்பளி கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். நோர்பு தட்டில் ஒரு முறை மல்லாக்கப் படுத்து, காலை நீட்டிப் பார்த்தார். சரி என்றார். அடுத்த வாரம் அது லாரியில் ஏறி வடக்கே போயிற்று. பின்னாலேயே நாங்களும் ரயில் ஏறினோம்.

வண்டி பனியிலும் மிதந்தது. அடுத்த ஜனவரியில் மேலே கால் முறிந்த ஓர் ஆளை, கம்பளியில் சுற்றி, தட்டில் படுக்கவைத்து, ஒன்பது கிலோமீட்டரும் நோர்புவே இறக்கிக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. அந்த ஆள் பிழைத்தது மட்டுமல்ல, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கீழே சாலையில் நின்றிருந்த நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அந்தச் சந்தோஷத்தில் அப்போதே தனசேகரை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவனுக்கும் சந்தோஷம். அமுதாவும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

“நல்லா இருக்காங்க மாமா. டிசம்பர்லயே வூட்டுக்கு வந்துட்டாங்க. அன்னிக்கும் செம மழ. கர இன்னும் போடல. அமுதா தையலோட நடந்தே போச்சி. புள்ளய அன்னக்கூடையில வச்சி, அன்பு தலையில தூக்கிக்கினு போனாரு.”

ஆரஞ்சு வண்டியையாவது எடுத்துப் போயிருக்கலாமே என்றேன். அதை ஒரு சினிமாக் கம்பெனிக்கு விற்றுவிட்டானாம்.

“தட்டு வண்டி இருந்திருந்தா நானே கொண்டாந்து வுட்டிருப்பேன். அதத்தான் நீங்க வாங்கிக்கினு போய்ட்டீங்களே மாமா” என்றான். குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். நோர்பு பட்டையில் ஒட்டிய பனியைக் கட்டையால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். அவருக்குப் பக்கத்தில் குனிந்து, நானும் பனியைத் தட்டத் தொடங்கினேன்.