அரைப் பேர்

எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள். முழு வேலைக்கு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். யட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் மலையில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல் ஒருபோதும் உறுத்தியதில்லை, லயத்தில் எங்கள் பக்கத்து அறையான காம்பராவில் இருந்த அக்கா கொழும்பில் மனநல ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்வரை.

பிறந்த குழந்தை இறந்தபின் அவளுக்குத் தூக்கம் போனது, பேச்சு குழம்பியது. சில மாதங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து, தெளிந்து, மாத்திரைகளோடு வந்தாள். அவள் றப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரி. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையோ அவளைக் கையால் புல் பிடுங்க அனுப்பினார். நாள் முழுக்கக் குனிந்தாலும் அரைப் பேர்தான் போட்டார். பால்வெட்டக் கத்தி வேண்டும்; அதுதான் சிக்கல்.

“பிஸ்ஸு புடிச்சவ கையில கத்தியக் குடுத்துட்டு நான் நிம்மதியா தூங்கவா?” என்றார். பைத்தியத்துக்கு அந்தச் சிங்களச் சொல்தான் எங்கள் பக்கத்தில் வாயில் வரும். பிள்ளைகள் அவளை ‘அரப்பேரு’ என்றே கூப்பிடத் தொடங்கினார்கள்.

நான் அப்போது மருந்தாளர் பயிற்சி முடித்துத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலைக்கு இருந்தேன். மாத்திரை, தூக்கம், சாப்பாடு என்று மூன்றையும் வாரந்தோறும் விசாரிப்பேன். மூன்றும் சரியாகவே இருந்தன. தலை மட்டும் நிமிரவில்லை. அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை.

புத்தர் பிறந்த நாளான வெசாக் நெருங்கியது. பகலில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில், ஞாயிறு பிற்பகல்களில் பெண்கள் கூடி மூங்கிலும் காகிதமுமாய் வெசாக் விளக்குக் கூடு கட்டுவோம். அக்காவையும் அழைத்தோம். மூங்கில் சீவ ஒரு கத்தி கிடந்தது. அவள் உள்ளே வந்ததும் ஒருத்தி அதைப் பாய்க்கு அடியில் தள்ளினாள்.

என் மதினி அதைப் பார்த்துவிட்டாள். “ஒளிக்காதடி. நீ சீவுனதுல கூடெல்லாம் குடிகாரன் மாதிரி கோணி நிக்குது. அவகிட்ட குடு.”

அக்கா சீவினாள். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் இழுத்துப் பழகிய கை. மற்றவர்கள் காகிதம் ஒட்டத் திரும்பினார்கள். தாமரை இதழ் போலக் கூடு விரிந்தபோது அவள் கேட்டாள்: “என் மரத்தையெல்லாம் இப்ப யாரு வெட்டுறா?”

“எவனோ வெட்டுறான். மரமே அழுவுது,” என்றாள் மதினி.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தை விட்டு, அக்காவுக்குப் பால்வெட்டு வேலை கேட்டுப் பெண்கள் நகரவில்லை. அவள் வேலை செய்யத் தடையில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன்.

“ஏதாச்சும் நடந்தா யாரு பதில் சொல்றது, மிஸ்ஸி?” என்றார் கணக்கப்பிள்ளை.

“நாங்க சொல்றோம்,” என்று மதினி முந்திக்கொண்டாள். “சும்மா கேக்கலீங்க ஐயா. செய்யிற வேலைக்கு முழுப்பேரு கேக்குறோம்.”

கணக்கப்பிள்ளை பேர் போடும் புத்தகத்தை மூடினார். “சரி. ஆனா பக்கத்து மரத்துல ஒரு ஆளு நிக்கணும். காவலுக்கு.”

அதுவரை வாய் திறக்காத அக்கா நிமிர்ந்தாள். “காவலுக்குன்னா வேணாங்க ஐயா. பேச்சுத் தொணைக்குன்னா வரட்டும்.”

அவர் தலையாட்டினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத முடியாது. அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குத் தூக்கம் மறுபடி கெட்டது. கத்தியைத் தானாகவே மதினியிடம் கொடுத்துவிட்டு டிஸ்பென்சரிக்கு வந்தாள். “கொஞ்ச நாளைக்கிப் புல்லு புடுங்குறேன், தங்கச்சி. ஐயாகிட்டயும் சொல்லிட்டேன்.”

அன்று மாலை, அவள் பிடுங்கிய புல்லுக்குக் கணக்கப்பிள்ளை முழுப் பேர் போட்டார்.