அப்பாவின் முகத்தில் சுற்றிய வட்டம்

அண்ணனைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஜொகூர் பாருவிலிருந்து அவன் கார் எங்கள் சிகாமட் வீட்டு வாசலில் வந்து நின்றால் போதும், என் வாயில் ஒரு குத்தல் பேச்சு தயாராகிவிடும். அம்மா அடுப்படியிலிருந்தே, “ஆரம்பிச்சிராதடி” என்பாள். நான் ஆரம்பிப்பேன்.

காரணம் வெள்ளம். அப்பா இறந்த சில மாதங்களில் ஆறு ஊருக்குள் வந்தது. நான் அம்மாவை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போட்ட முகாமுக்கு ஓடினேன். வீட்டுச் சாமான்களை மேலே ஏற்றுவது அண்ணன் பொறுப்பு. டிவியை ஏற்றினான், அரிசியை ஏற்றினான், எதற்கும் உதவாத பழைய வானொலியைக்கூட ஏற்றினான். அப்பா படங்கள் இருந்த ஆல்பங்களை மட்டும் விட்டுவிட்டான். தண்ணீர் வடிந்து திரும்பியபோது அவை கட்டிலுக்கடியில் சேற்றில் கிடந்தன. பக்கங்களைப் பிரித்தால் அப்பாவின் முகம் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போனது. அந்த மறதிக்காக அவனை நான் மன்னிக்கவில்லை. பேச வேண்டியதையும் குத்திக் காட்ட வேண்டியதையும் அம்மா மூலமே பேசினோம்.

மிஞ்சியது ஒரே ஒரு கல்யாண வீடியோ. பெக்கோக்கில் இருக்கும் அத்தை வீட்டு டேப். அதில் அப்பா பந்தியில் சாம்பார் பரிமாறுவார். நான் அதைக் கடையில் கொடுத்து மாற்றி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஏற்றி, ஹால் டிவியில் பார்க்கும்படி செய்தேன். கம்ப்யூட்டர் இருந்த இடம் அம்மா அறையில், அலமாரியின் தலையில், கூரையை ஒட்டி. எங்கள் ஊரில் மின்சாரப் பொருளை யாரும் தாழ வைப்பதில்லை. வெள்ளத்துக்குப் பிறகு ப்ளக் பாயிண்டுகளே நெஞ்சு உயரத்துக்கு ஏறிவிட்டன.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகவேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்தான். காப்பி எடுத்துக் கொடுத்திருக்கலாம்தான். கொடுக்கவில்லை. தொலைத்தவன் கேட்டதும் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் வீடியோ மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் நன்றாக ஓடும். அப்பா வாளியோடு வரும்போது நிற்கும். கரண்டி அந்தரத்தில், வாய் பாதி திறந்து, அவர் முகத்தின் மேல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருக்கும்.

“அப்பாவ அப்படியே தொங்க விட்டுட்டா பாரு. பெண்டிரைவ்ல போட்டா முடிஞ்சிருச்சு லா” என்று அண்ணன் அம்மாவிடம் சொன்னான். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னான். அவன் சொன்ன ஒரே காரணத்துக்காக நான் அதைச் செய்யவில்லை.

எங்கள் சண்டையில் அலுத்துப்போன அம்மா தீர்ப்புச் சொன்னாள். “அப்பா படையல் அன்னிக்கு நிக்காம ஓடுனா இங்கயே இருக்கட்டும். நின்னுச்சுன்னா அவன் எடுத்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது.”

நான் விடுவேனா? மழையில் இன்டர்நெட் லைன் சரியிருக்காது என்றார்கள் என் அலுவலகத்தில். வீட்டுக்குள்ளேயே ஓடும் படத்துக்கு வெளி லைன் எதற்கு என்று அவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். வைஃபை பெட்டியை இடம் மாற்றினேன். பிறகு டிவிக்கு வைஃபையே வேண்டாம் என்று ஹால் சுவரோரமாகக் கேபிள் இழுத்தேன். லேப்டாப்பிலிருந்தே படத்தின் தரத்தைக் குறைத்தேன். அப்பா முகம் கஞ்சியாகிப் போனதுதான் மிச்சம். அண்ணன் போன் வைஃபையை இழுக்கிறதோ என்று பாஸ்வேர்டை மாற்றினேன். அது ஒரு அற்ப சந்தோஷம். ஆனால் வட்டம் நிற்கவில்லை.

படையல் காலையிலும் மழை. அண்ணன் முதல் நாளே வந்திருந்தான். லேப்டாப்பை வைத்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். இந்த முறை படத்தைப் பார்க்காமல், திரையோரத்தில் தெரிந்த பெட்டியின் சூட்டு அளவைப் பார்த்தேன். ஏறிக்கொண்டே போனது. பழைய டேப் படம் டிவிக்குப் புரியாது. பெட்டிதான் ஓடும்போதே மாற்றிக் கொடுக்கவேண்டும். அந்த உழைப்புக்குச் சூடாவது சரி. ஆனால் இவ்வளவா? சூடு தாங்காமல் பெட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்போதுதான் படம் நிற்கிறது.

ஏணி போட்டு ஏறினேன். பெட்டியைக் காணோம். இருந்தது ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். தடித்த பிளாஸ்டிக், மடிப்புக்கு மேல் மடிப்பு, சுற்றிலும் டேப். வயர் நுழையும் இடம்கூட அடைபட்டிருந்தது. இப்படிப் பொட்டலம் கட்டுவது அண்ணன்தான் என்று எனக்குத் தெரியும். தொட்டால் கை சுட்டது.

எல்லாவற்றையும் பிய்த்தெடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். அவன் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக்கை அவன் முன்னால் போட்டேன்.

“நான் தோக்கணும்னுதானே செஞ்ச?” பல மாதங்களுக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசியது அதுதான்.

“மழ ஆரம்பிச்சிருச்சு. தண்ணி வந்தா?”

“அலமாரி மேல இருக்கு. அங்க எப்படித் தண்ணி வரும்?”

“போன தடவையும் அப்படித்தான் நெனச்சேன். ஆல்பத்தக் கட்டில் மேல, மெத்தைக்கு மேல வெச்சேன். அவ்ளோ ஒசரம் வராதுன்னு நெனச்சேன். கட்டிலே மெதந்து கவுந்துருச்சு.”

“கட்டிலுக்கு அடியிலதானே கெடந்துச்சு.”

“கவுந்தா அடியிலதான் கெடக்கும். நீ கேக்கவே இல்ல.” அவன் மறுபடி இலையைத் துடைக்கத் தொடங்கினான். “என் வீடு பதினோராவது மாடி. அதனாலதான் பெட்டியக் கேட்டேன்.”

 கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

படையலுக்கு வந்த உறவுகள் முன்னால் வீடியோ ஓடியது. நிற்கவில்லை. அப்பா வாளியோடு வந்தார், “இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க” என்றார், அடுத்த இலைக்குப் போனார், வரிசை முடியும்வரை போனார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் என் பக்கம் பார்க்கவில்லை. ஜெயித்தது நான். பெட்டி எனக்கு.

சாயங்காலம் அவன் கிளம்பும்போது பெட்டியைக் கழற்றி, வயரைச் சுருட்டி, அவன் காரின் பின்சீட்டில் வைத்தேன். கதவைக் கொஞ்சம் ஓங்கித்தான் சாத்தினேன்.

அவன் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “இதெல்லாம் எனக்கு ஒன்னும் தெரியாது. நின்னா என்ன பண்றது?”

“போன் பண்ணு.”

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, அவன் எண்ணை நான் ப்ளாக் செய்து வைத்திருந்தேன். அவன் சந்து முனை திரும்புவதற்குள் அந்த ப்ளாக்கை எடுத்துவிட்டேன்.