கரிச்சான் கரையும் இரண்டு இயங்குதளங்களும்

ஆதாரில் கைபேசி எண்ணை மாற்றுவதற்காக இ-சேவை மையத்து வரிசையில் நின்றிருந்தபோது அந்த ஓசை கேட்டது. கணினி ஒன்று அணைந்து, தானே மறுபடி விழிக்கும்போது எழுப்புகிற சின்ன மணிநாதம். அத்தனை இனிமையாக உள்ளே வருகிறவர்களை நான் நம்புவதில்லை. மேசைக்குப் பின்னாலிருந்த பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்டேட் ஆவுதுங்க. நான் ஒண்ணும் பண்ணல, அதுவா ஆவுது. கொஞ்சம் குந்துங்க."

வரிசை முனகியது. அதுவா ஆவுது. யார் சொல்லி ஆவுது? இந்தக் கேள்வியை எனக்குள் நட்டுவிட்டுப் போனவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி.

ஆரணியில், கீழே தறிகள் ஓடும் ஒரு வீட்டின் மாடியறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து தொழில் செய்தோம். பட்டுப் புடவையின் கரையையும் முந்தானையையும் கணினியில் கட்டம் கட்டமாக வரைவோம். தறியின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்குப் புரிகிற மாதிரி அதை அட்டைகளில் துளைத்துக் கொடுப்போம். மச்சான் சென்னையில் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் சில வருஷம் குளிர்ந்துவிட்டு, முப்பது தாண்டியபின் ஊர் திரும்பியவன். பெட்டி படுக்கையோடு ஒரு கொள்கையையும் இறக்கி வைத்தான்.

என் கணினியில் ஓடியது ஊருக்கெல்லாம் தெரிந்த ஜன்னல் சின்னத்து இயங்குதளம். அவனுடையதில் பென்குயின் சின்னம். ஓப்பன் சோர்ஸ் என்பான்: யாரும் உள்ளே பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்கிற வகை. ஒரே மேசையில் இரண்டு திரைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. அவற்றுக்கு மேலே எங்கள் இரண்டு தலைகள், காலையிலிருந்து சண்டை.

"மாமா, உங்க வூட்டுக்குள்ள ஒருத்தன் வந்து உங்கள கேக்காம பீரோவ நகத்தி வெச்சிட்டுப் போனா சும்மா இருப்பீங்களா? தெனம் அதத்தான் பண்ணிகினு கீறான் உங்க ஜன்னல்காரன்."

"எங்க நகத்தினாலும் பீரோ தொறக்குது இல்ல? உன்னுதுல பீரோவத் தொறக்கணும்னா மொதல்ல ஆசாரி வேல கத்துகினு வரணும்."

"கத்துக்கங்களேன், இன்னா கெட்டுப்போச்சு? இதுல சின்னச் சின்ன கருவி. ஒண்ணொண்ணும் ஒரே வேல செய்யும், சுத்தமா செய்யும். ஒண்ணோட ஒண்ண கோத்துகினா எது வேணா பண்ணலாம். அதான் டிசைன். உங்களுது எல்லாத்தையும் ஒரே அண்டால போட்டுக் கிண்டினது. எதுல எது கீதுன்னு செஞ்சவனுக்கே தெரியாது."

"அண்டால கிண்டினாத்தான் மச்சான் பிரியாணி."

அட்டை வாங்க வந்து நின்ற நெசவாளர்கள் சிரித்தார்கள். அவர்களும் தேர்தல் போலப் பிரிந்துவிட்டார்கள்: ஜன்னல் கட்சி, பென்குயின் கட்சி. அட்டை குத்தும் எந்திரத்தை அவன் பென்குயினுக்கு அடையாளமே தெரியாமல் போய், எங்கிருந்தோ நிரல் துண்டுகளைத் தேடி ஒட்டவைத்துக்கொண்டிருந்த வாரத்தில் என் கட்சி ஜெயித்தது. முந்தானை ஒன்றை முடிக்கும் தறுவாயில் என் திரை நீலமாகி உறைந்த அன்று அவன் கட்சிக்கு வெடி போடாத குறைதான். "எது போட்டா ஜரிக ஜாஸ்தி மின்னும், அதச் சொல்லுங்கப்பா. ஜல்தி அட்டையக் குடுங்க" என்று ஒரு நெசவாளர் இரண்டு பேரையும் வைதுவிட்டுப் போவார்.

சிரிப்புக்கு அடியில் எனக்கு ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"யார் வேணா உள்ள பாக்கலாம்னு சொல்றியே, நீ பாத்தியா?"

"நானா? அது சமுத்திரம் மாமா. யாராவது பாத்துகினே இருப்பாங்க."

"அந்த யாராவது யாரு?"

அவன் தட்டச்சுப் பலகைக்குக் குனிந்துகொண்டான். திரையின் விளிம்புக்கு மேல் அவன் நெற்றி மட்டும் தெரிந்தது.

என்னுடையதும் யோக்கியம் இல்லை. அதை யாரோ ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றினார். காசு கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைக்கும் நிரல் ஒன்றும் கூடவே வந்தது. பூட்டை உடைத்தவன் போகும்போது தனக்கென்று ஒரு சாவி அடித்துக்கொண்டானோ என்னவோ. கணினியின் விசிறி காரணமில்லாமல் வேகமெடுத்துச் சுழலும்போதெல்லாம், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது போலிருக்கும்.

அப்போதுதான் கரிச்சான் கரை வந்தது. பட்டுக்கடை முதலாளி ஒருவர், இதுவரை யாரும் போடாத கரை வேண்டும், முகூர்த்த மாதத்துக்கு முன்னால் கடையில் இருக்க வேண்டும் என்றார். மாங்காயும் மயிலும் அலுத்துப்போயிருந்தன. மாடியிலிருந்து பார்த்தால் மின்கம்பியில் கரிச்சான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கம்பி ஒரு கோடு; குருவிகளின் பிளந்த வால்கள் கோட்டுக்குக் கீழே சின்னக் கத்தரிகளாகத் தொங்கும். அதை வரைந்தேன். நான் வரைய, மச்சான் கட்டங்களைச் சரிபார்த்தான். கறுப்புக் குருவிக்கு ஜரிகை வால் என்பது அவன் யோசனை. சண்டை போடாமல் நாங்கள் செய்த ஒரே வேலை அது.

புடவைகள் தறியில் பாதி கூட இறங்கவில்லை. முதலாளி செல்போனோடு மாடியேறி வந்தார். வேறொரு ஊர்க் கடையின் விளம்பரப் படம். பொம்மையின் தோளில் எங்கள் கரிச்சான்கள். ஜரிகை வால். விசைத்தறிப் புடவை, மட்டமான நிறம். ஆனால் குருவிகளுக்கு நடுவிலிருந்த இடைவெளி கூட எங்களுடையது.

"என் தறியிலேந்து போவல. அட்டைய நான் பூட்டி வெச்சிருக்கேன். இங்கேந்துதான் போயிருக்குது" என்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "யார்கிட்டேந்து போச்சுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. அவரு போவணும், மத்தவரு இருக்கலாம். இல்லன்னா இந்த ரூமுக்கு இனிமே என் வேல வராது."

அவர் வேலை இல்லாவிட்டால் அந்த அறையே இல்லை. எங்களில் ஒருவர் போக வேண்டும்.

முதலில் இருவரும் சேர்ந்து என் கணினியைத்தான் சந்தேகித்தோம். மச்சான் என் கணினியில் ஒரு திரையைத் திறந்து காட்டினான். எண்களும் புள்ளிகளுமான முகவரிகள் ஈசல் போல ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. "பாருங்க மாமா. நீங்க சும்மா குந்திகினு கீறீங்க. உங்க மிஷின் யார் யார்கிட்டயோ பேசிகினு கீது." இணையக் கம்பியைப் பிடுங்கிப் போட்டோம்; இரண்டு கணினிகளையும் கோத்த கம்பி மட்டும் மிச்சம். திரையின் நெற்றியில் இருந்த கேமராக் கண்ணுக்கு என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். கறுப்புப் பொட்டு. அது இன்னொரு கண் போலவே இருந்தது.

பிறகு சந்தேகம் இடம் மாறியது. எந்த நாளில் என்று என்னால் சொல்ல முடியாது. பென்குயின் திரையில் அவன் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக என்னென்னவோ தட்டுவான். படமில்லை, பொத்தான் இல்லை, எனக்குப் புரிகிற ஒரு குறி கூட இல்லை. இத்தனை நாளும் அதைச் சலிப்போடு பார்த்தவன் இப்போது உற்றுப் பார்த்தேன். எல்லாருக்கும் திறந்தது என்று அவன் சொன்ன அந்த வீட்டில் எனக்கு ஒரு வாசல் கூடத் தெரியவில்லை. ஒரு மதியம் நான் டீ வாங்கிக்கொண்டு படியேறி வந்தபோது, அவன் சட்டென்று ஒரு திரையை மூடினான்.

"இன்னா மச்சான் அது?"

"ஒண்ணுமில்ல மாமா. சும்மா."

டீயை வைத்தேன். இருவரும் ஊதி ஊதிக் குடித்தோம்.

வீட்டில் மனைவியிடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "இன்னாங்க, என் தம்பி மேலயா? அவன் ஒங்க மேல எதுனா சொன்னானா?"

"சொன்னானா?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். அந்தத் தோசை கருகும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவன் வருவதற்கு முன்பே போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"அன்னிக்கு மூடினியே, அத இப்பத் தொற."

திறந்தான். நான் எதிர்பார்த்தது யாருக்கோ போன கோப்பு, யாரிடமோ பேசிய பேச்சு. அங்கே இருந்தது என் கணினி. என் சுட்டி எங்கே நகர்ந்தது, எந்தக் கோப்பை எப்போது திறந்தேன், பென் டிரைவை எப்போது செருகினேன், எல்லாம் வரி வரியாக. மூன்றாம் மனிதரைப் பற்றிய குறிப்பைப் போல அதைப் படித்தேன். பத்து நிமிஷம் ஒன்றுமே செய்யாமல் நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்ததுகூட வெற்று இடமாக அதில் இருந்தது.

"நான் ஒங்கள பாக்கல மாமா. ஒங்க மிஷின பாத்தேன்."

"மிஷினுக்கு முன்னாடி குந்திகினு இருந்தது யாருடா?"

"பென் டிரைவ யார்கிட்டயோ குடுத்து வாங்கறீங்க. எனக்குத் தெரிய வேணாமா?"

"அப்ப ஜன்னல்காரன் பண்ணா வேவு, நீ பண்ணா?"

"அவன் கம்பெனி மாமா. நான் ஒங்க மச்சான்."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் தெருமுனை அம்மன் கோயிலுக்கு வெள்ளிதோறும் போவது பழக்கம். ஒன்றாகக் கிளம்பவில்லை, தெருவின் இரண்டு ஓரமாக நடந்தோம். கூட்டத்தில் அக்கம்பக்கமாக ஒதுங்கி நின்று தலை தூக்கினால், அம்மன் இடுப்பில் கரிச்சான்கள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கரை எதுவானாலும் தறியில் ஏற்றிய பாவு நூலின் முனையில் முதலில் ஒரு முழம் நெய்து பார்ப்பார்கள். அந்தத் துண்டு கடைக்குப் போகாது, அம்மனுக்குப் போகும்; சின்ன அம்மன், அவளுக்கு அதுவே புடவை. அவள் கட்டியபிறகுதான் ஊர் கட்டும். இந்தத் துண்டையும் நாங்கள்தான் கொண்டுவந்தோம், நானும் அவனும், தேங்காய் பழத்தோடு, பெருமையோடு. பல் துலக்குவது மாதிரி அது. செய்ததாகவே நினைவில் தங்காத காரியம். கேமராக் கண்ணுக்குப் பொட்டு ஒட்டிய நான், என் சுட்டியின் அசைவையெல்லாம் எழுதி வைத்த அவன், இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை.

முன்வரிசையில் வெளியூர்க்காரர்கள் சிலர் செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பூசாரி கற்பூரத் தட்டோடு வந்தார்.

"அம்மனுக்கு இந்தப் பொடவ அமைஞ்சிபோச்சுங்க. பாக்கறவங்கல்லாம் போட்டோ புடிக்கறாங்க. அன்னிக்கு ஒருத்தரு கார்ல வந்தாரு. மொகத்த வுட்டுட்டு கரைய மட்டும் கிட்டக்க வந்து புடிச்சிகினு போனாரு. வெளக்கு வேற தூக்கிக் காட்டச் சொன்னாரு."

"காட்டினீங்களா?" என்றேன்.

"காட்டாம? பக்திங்களே!"

மச்சான் தோள் குலுங்க ஆரம்பித்தான். முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு சிரித்தான். "மாமா, ஆரணிலயே பெரிய ஓப்பன் சோர்ஸ் நம்ம அம்மன்தான்." நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற பெண்மணி எங்களைச் சன்னதியை விட்டு வெளியே போகச் சொல்லும்வரை சிரித்தோம்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மன் பேர்ல யாரு கேஸ் குடுக்கறது? வுடுங்க. ரெண்டு பேரும் இருங்க." அடுத்த கரைக்கான வேலையைக் கொடுத்தனுப்பினார். கார்க்காரர்தான் திருடினார் என்பதற்கு அத்தாட்சி ஒன்றும் இல்லை. எங்களுக்கு அந்த விளக்கம் தேவையாக இருந்தது, எடுத்துக்கொண்டோம்.

அறைக்குத் திரும்பினோம். இணையக் கம்பியைச் செருகினோம். ஜன்னலா பென்குயினா என்று நெசவாளர்கள் சீண்டிப் பார்த்தார்கள். இருவரும் பிடி கொடுக்கவில்லை. என் கணினியில் தான் ஏற்றியிருந்த வேவு நிரலை எடுத்துவிட்டதாக அவன் சொன்னான். எடுத்தாயா என்று ஒரு முறை கேட்டேன். எடுத்துட்டேன் மாமா என்றான். அதை எப்படிச் சரிபார்ப்பது? அவனைத்தான் கேட்க வேண்டும். பென் டிரைவைக் கையில் எடுக்கும்போதெல்லாம், எதற்காக எடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியிருந்தேன். யாரும் கேட்கவில்லை. அவன் எதையாவது தட்டும்போது திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்வான். நான் பார்க்க வேண்டுமென்று கேட்டதில்லை. இப்படி இரண்டு பேர் எத்தனை நாள் ஒரே மேசையில் உட்கார முடியும்?

செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். அங்கேயே தங்கிக்கொள்வதாக அக்காவிடம் சொன்னான். என்னிடம் அவள்தான் சொன்னாள்.

கம்பெனி பஸ் ஏற்றிவிட நான் போனேன். பை ஒன்று, தலையணை ஒன்று. பென்குயின் கணினியை எனக்கே விட்டுவிட்டான். "பழகிப் பாருங்க, புடிக்கும்" என்று மட்டும் சொன்னான். வெயில் ஏறியிருந்தது. அக்காவை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பானா என்றேன். வருவேன் என்றான். பஸ் வந்தது. படியில் கால் வைத்தவன் திரும்பினான்.

"மாமா, அந்தப் பென்குயின் மிஷினோட பாஸ்வேர்ட மாத்திடுங்க. இல்லன்னா நான் அங்கேந்து பாத்துகினு கீறேன்னே நெனச்சிகினு இருப்பீங்க."

"நேத்தே ஆள வெச்சி மாத்திட்டேன் மச்சான்" என்றேன்.