கரன்ட் இல்லாமல் ஓடிய ப்ரோக்ராம்கள்

பழைய மாணவன் ஒருவன் என் கே.கே. நகர் வீட்டுக்கு வந்து ஒரு புத்தகம் கொடுத்துவிட்டுப் போனான். ப்ரோக்ராமிங், வியாபாரம், கல்வி மூன்றைப் பற்றியும் எழுதிய புத்தகம். தப்பு வந்தால் மறைக்காமல் காட்டுங்கள், அப்போதுதான் மூன்றும் உருப்படும் என்கிறார் எழுதியவர். படிக்கவே அலுப்பாக இருந்தது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் பசுமலைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தி என் தொண்டைத் தண்ணி வற்றியது.

அங்கே நடந்த ஒரு லேப் எக்ஸாமைச் சொல்கிறேன். பிள்ளைகள் ப்ரோக்ராமை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள், அவுட்புட்டையும் சேர்த்து. சீட்டு எடுக்க வேண்டும். வந்த ப்ரோக்ராமைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, திரையில் வருகிற அவுட்புட்டைத் தாளில் எழுத வேண்டும். அன்றைக்கு எல்லோரும் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போனது. யுபிஎஸ்ஸும் கொஞ்சம் கத்திவிட்டு அடங்கியது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினருக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

"அவுட்புட்டை மட்டும் எழுதி வாங்கிருங்க மேடம், போதும்" என்றார்.

எழுதினார்கள். இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு புள்ளி பிசகாமல் எழுதினார்கள். பாண்டிச்செல்வி மட்டும் அவுட்புட் எழுதுகிற இடத்தில் 'கரன்ட் இல்லை, ஓடவில்லை' என்று எழுதியிருந்தாள். வகுப்பிலேயே சொந்தமாக ப்ரோக்ராம் எழுதத் தெரிந்த பிள்ளை. ஒரு கம்பெனியில் வேலையும் சொல்லியிருந்தார்கள். அரியர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

"தெரியும்ல? எழுதிட்டுப் போக வேண்டியதுதான?" என்றேன்.

"தெரியும் மேடம். ஆனா வரலயே. வராததை வந்துச்சுன்னு எப்படி எழுத?"

அவுட்புட் இல்லையென்று எக்ஸாமினர் ஃபெயில் போட்டார். மறுபடி எக்ஸாம் வைக்கச் சொல்லி பிரின்சிபாலிடம் போய் நின்றேன்.

"அம்புட்டுப் பேரும் எழுதிட்டாக. இந்தப் பிள்ளைக்கு மட்டும் என்ன வந்துச்சாம்? ரீ-எக்ஸாம்னு வெளிய தெரிஞ்சா அட்மிஷன் படுத்துரும் மேடம். நம்மளும் பொழைக்கணும்ல?"

எவ்வளவோ கத்திப் பார்த்தேன். அவர் அசையவில்லை. பாண்டிச்செல்வி அடுத்த தடவை எழுதி பாஸானாள். அதற்குள் கம்பெனி வேறு ஆளை எடுத்துவிட்டது. கல்லூரி புது ஜெனரேட்டர் வாங்கியது. மனப்பாடம் அப்படியே இருந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

புதிதாக லேபுக்குள் நுழைகிற ஆசிரியர்களுக்கு, இந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எல்லாத் தாளிலும் அவுட்புட் சரியாக இருந்தால் உடனே மார்க் போட்டுவிடாதீர்கள். தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறதா என்று ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.